பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்: உள்ளூர் வானொலி ஏன் நம்மை இழுக்கிறது?

கைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது. வேண்டியதை வேண்டிய நொடியில் கேட்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு விரலால் தள்ளிவிடலாம். ஆனாலும் மார்த்தாண்டத்தில் சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோவிலும், தோவாளையில் மாலை கட்டுகிற வீட்டுத் திண்ணையிலும், வடசேரியில் தையல்கடை மேசையிலும் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து என்ன பாட்டு என்று தெரியாது. பிடிக்காததைத் தள்ளவும் வழியில்லை. வசதியை மட்டும் பார்த்தால் ரேடியோ எப்போதோ தோற்றுப்போயிருக்க வேண்டும். ஏன் தோற்கவில்லை?

வானொலித் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதுவது இது. ஓர் உள்ளூர் இசை நிலையம் எப்படி ஓடுகிறது, கேட்பவருக்கு எந்த இடத்தில் அந்தக் குதூகலம் பிறக்கிறது என்பதைக் குமரி மாவட்டத்தை வைத்தே பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு எங்கேயும் கிடைக்கும். நிலையத்தின் உயிர் இரண்டு பாட்டுக்கு நடுவில் வரும் அரை நிமிடத்தில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. உள்ளூர் வானொலி என்ற ஏற்பாட்டுக்கும் இந்த மாவட்டத்துக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. அகில இந்திய வானொலி நெடுங்காலம் பெரிய பரப்புக்குப் பேசும் நிலையங்களைத்தான் நடத்திவந்தது. ஒரு மாவட்டத்தையும் சுற்றுவட்டாரத்தையும் மட்டும் மனதில் வைத்து ‘உள்ளூர் வானொலி’ என்று அது தொடங்கிய முதல் நிலையம் நாகர்கோவிலில் வந்தது. நாள் 1984 அக்டோபர் 30. இன்றைக்கு 101 மெகாஹெர்ட்ஸில் கேட்பது அந்த நிலையத்தைத்தான்.

அதற்கு முன்னால் இங்குள்ளவர்கள் வெளியூர்க் குரல்களையே கேட்டார்கள். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1943-இல், திருவனந்தபுரத்தில் நிலையம் வந்தது. திருநெல்வேலி நிலையம் 1963-இல். ஆனால் கொஞ்சம் வயதானவர்களிடம் ரேடியோ என்று பேச்செடுத்தால் அவர்கள் வாயில் முதலில் வருவது இலங்கை வானொலி. அதற்கு ஒரு காரணம் டெல்லியில் இருந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போனது. கேட்க ஆசைப்பட்டவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கி டெல்லி இறங்கிவந்தபோது, பழக்கம் ஊறிவிட்டிருந்தது.

இன்னொரு காரணம் பூகோளம். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். கொழும்புக்கும் குமரிக்கும் நடுவில் இருப்பதோ கடல். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு, காய்ந்த தரையைவிட உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் வலுக் குறையாமல் ஓடும். அதனால் குமரிக் கடற்கரை ஊர்களில் கொழும்பு பக்கத்துத் தெரு மாதிரி கேட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அது வேறு நாட்டு நிலையம். ஆனாலும் ‘நம்ம ரேடியோ’ என்றே இங்கே நினைத்தார்கள். பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள் இங்குள்ள வீடுகளில் பெயர் சொல்லிப் பேசப்பட்டார்கள். தபாலட்டை எழுதிப் போட்டவர்களின் பெயரும் ஊரும் காற்றில் வந்தன. ஆக, நிலையம் எங்கே இருக்கிறது என்பதைவிட யாரை நினைத்துப் பேசுகிறது என்பதுதான் கணக்கு. நாகர்கோவிலிலேயே கட்டடத்தை வைத்துக்கொண்டு சென்னையை நினைத்துப் பேசினால் அது வெளியூர் நிலையம்தான்.

சரி, ஒரு மணி நேர நிகழ்ச்சி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்போம். நிலையத்துக்காரர்கள் இதைக் ‘கிளாக்’ என்பார்கள். ஒரு வட்டம் வரைந்து, அறுபது நிமிடமாகப் பிரித்து, எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று குறிப்பது. சினிமாப் பாட்டு ஒன்று நாலு, நாலரை நிமிடம் ஓடும். விளம்பரத்துக்குப் பத்து நிமிடம், பேச்சுக்கு ஆறேழு நிமிடம் என்று வைத்தால் மிச்சத்தில் பத்துப் பாட்டுக்குத்தான் இடம். அந்தப் பத்தையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் கைத்திறன். நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் பருப்பும் சாம்பாரும் போகாமல் அடப்பிரதமன் இலைக்கு வராது. வந்தாலும் அதற்கப்புறம் ரசமும் மோரும் இருக்கிறது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். பாட்டு வரிசையும் அப்படித்தான். எல்லாரும் கேட்கத் துடிக்கிற புதுப்பாட்டு மூன்றையும் முதல் கால்மணியிலேயே கொட்டிவிட்டால், மிச்ச நேரத்துக்கு உட்கார ஆளிருக்காது.

பாட்டுகளைப் பொதுவாகக் குவியல்களாகப் பிரிப்பார்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புதுப்பாட்டு ஒரு குவியல். ஓரிரு வருடத்துக்கு முந்தைய ஹிட் ஒரு குவியல். அப்பா அம்மா காலத்துப் பாட்டு ஒரு குவியல். கிளாக்கில் ‘8.05-க்குப் புதுசு, 8.10-க்குப் பழசு’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த இடத்துக்கு எந்தப் பாட்டு என்பது குவியலிலிருந்து முறைப்படி சுழன்று வரும். இதற்குப் பெயர் ரொட்டேஷன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு. எனக்கு இது தெரிந்தபோது ரொம்ப ரசித்தேன். புதுப்பாட்டுக் குவியலில் ஆறு பாட்டு, மணிக்கு மூன்று புதுப்பாட்டு என்று வையுங்கள். ஒவ்வொரு பாட்டும் சரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பும். அதாவது தினமும் காலை 8.05-க்கு ஒரே பாட்டு. எட்டு மணி பஸ்ஸில் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவர் திங்கள் முதல் சனி வரை அதையே கேட்பார். ‘இவங்ககிட்ட ஒரே கேசட்டுதான் இருக்கு போல’ என்பார். குவியலில் ஏழாவதாக ஒரு பாட்டைச் சேர்த்துவிடுங்கள். இப்போது சுற்று இரண்டு மணி இருபது நிமிடம் ஆகிவிடும். அதே பாட்டு அடுத்த நாள் வேறு நேரத்தில் விழும். பஸ்காரருக்குத் தினம் ஒரு பாட்டு. சேர்த்தது ஒரே ஒரு பாட்டு. வெளியிலிருந்து கேட்பவருக்கு நிலையமே மாறிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நிலையம் சலிப்பூட்டுகிறது என்றால் பல நேரம் குறை ரசனையில் இருக்காது, இந்த மாதிரிக் கணக்கில்தான் இருக்கும்.

அப்படியானால் திரும்பத் திரும்பப் போடாமலே இருந்தால் என்ன? அதுவும் உதவாது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன் மேல் ஒரு விருப்பம் வளரும் என்று ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் சோதனைகளோடு எழுதினார். முதல் தடவை கேட்டபோது ‘என்ன பாட்டு இது’ என்று முகம் சுளித்த பாட்டை, ஒரு வாரம் கழித்து நாமே முணுமுணுப்பது இதனால்தான். ஓரளவுக்கு மேல் போனால் திகட்டும். நிலையத்தில் பாட்டு அடுக்குகிறவருடைய வேலை, விருப்பம் முற்றித் திகட்டல் தொடங்குவதற்கு முன்னால் பாட்டைக் குவியல் மாற்றிவிடுவது.

எதிர்பார்ப்புக்கும் உடம்பில் ஒரு வேலை இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலரி சாலிம்பூர், ராபர்ட் சடோர் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டில் சிலிர்க்கும் இடம் வரும்போது மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் டோபமைன் என்ற இன்ப உணர்வு தரும் வேதிப்பொருள் சுரப்பதைப் பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஒரு இசைத்துண்டுக்குள் நடக்கும் காத்திருப்பை. வானொலியில் அதே காத்திருப்பு ஒரு மணி நேர நீளத்துக்கு இழுபடுகிறது என்பது என் ஊகம். கைபேசியில் நமக்குப் பிடித்த பாட்டை நாமே போட்டுக்கொள்ளும்போது இந்தக் காத்திருப்பு இல்லை. ரேடியோவில் எதிர்பாராமல் அதே பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறோம். கையிலிருக்கும் பாட்டுதான், ஆனாலும் கூட்டுகிறோம்.

இனி அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அறிவிப்பாளர் பேசுவதை ‘லிங்க்’ என்பார்கள். இருபது நொடியில் முடியலாம், ஒரு நிமிடமும் போகலாம். இதில் மூன்று விதம் கேட்டிருப்பீர்கள். ‘இப்போது நீங்கள் கேட்டது இந்தப் படத்திலிருந்து இந்தப் பாடல், அடுத்து வருவது…’ என்று பட்டியல் வாசிப்பது முதல் விதம். ‘ஹாய் ஹலோ வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க, செம ஜாலியா இருங்க’ என்று உற்சாகத்தை ஊதி நிரப்புவது இரண்டாவது. இதை எந்த ஊரிலும் எந்த நாளிலும் சொல்லலாம். போன வருடம் பதிவு செய்து வைத்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, இன்றைக்கு, இந்த ஊரில் மட்டும் சொல்லக்கூடியது.

‘குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் விடியக்காலம் நல்ல மழையாம். பால்வெட்டுக்குப் போக முடியாம வீட்ல இருக்கப்பட்ட அண்ணன்மாரே, சாயாவப் போட்டுட்டு இதக் கேளுங்க.’ பதினைந்து நொடிகூட ஆகாது. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு மழை என்றால் அன்றைக்குக் கூலி போச்சு. அது தெரிந்த ஒருவர் பேசுகிறார் என்பது அந்தப் பதினைந்து நொடியில் புரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் அது தனக்குப் போட்ட பாட்டு.

உள்ளூர் என்பது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இந்த மாவட்டத்தைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டு தடையும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது இங்கேதான். சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு. ஜூன் 15 காலையில் சென்னை ஸ்டூடியோவில் இருக்கிறவர் ‘தடைக்காலம் முடிஞ்சாச்சு, கடலுக்குப் போற எல்லா மீனவ நண்பர்களுக்கும் வாழ்த்துகள்’ என்று ஒரு துள்ளல் பாட்டைப் போட்டால், சின்னமுட்டத்தில் சரி. குளச்சலிலோ படகைக் கட்டிப்போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அங்கே அந்த வாழ்த்து எரிச்சலைத்தான் தரும். தப்பு பெரிதில்லை. ஆனால் ‘இவனுக்கு நம்மளத் தெரியாது’ என்று கேட்பவர் முடிவு கட்ட அது போதும்.

மழையும் அப்படித்தான். மாநிலத்தின் பெரும்பகுதி ஜூன் மாதத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது இங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கும் வரும். ‘கொளுத்துற வெயிலுக்கு இதமா ஒரு பாட்டு’ என்று மாநிலம் முழுக்க ஒரே குரலை அனுப்பினால், திற்பரப்புப் பக்கம் குடை பிடித்து நிற்கிறவர் சிரிப்பார். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இந்த எண்கள் மற்ற ஊர்க்காரருக்கு ஒன்றுமில்லை. இங்கே ‘பேச்சிப்பாறை 44 தாண்டிட்டாம்’ என்றால் கோதையாற்றங்கரையிலும் குழித்துறையிலும் காது நிமிரும். ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரத்து மார்கழித் தேர், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழா, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயிலும் ஓடுகிற சிவாலய ஓட்டம். நிலையத்தின் சுவரில் தொங்க வேண்டிய காலண்டர் இதுதான்.

லிங்க் பேசுவதில் ஒரு கைவினை நுட்பமும் இருக்கிறது. பாட்டின் முன்னிசை ஓடும்போதே அதன் மேல் பேசி, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் முடித்துவிடுவார்கள். சரியாக முடித்தால் பேச்சே பாட்டைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு விசை கிடைக்கும். ஒரு நொடி தாமதித்தால் பல்லவி மேல் ஏறி மிதித்த மாதிரி ஆகும். எல்லாப் பாட்டிலும் இதைச் செய்யலாமா என்றால், கூடாது என்பேன். இளையராஜாவின் பல பாட்டில் முன்னிசையே பாதிச் சுவை. அதன் மேல் சோப்பு விளம்பரம் மாதிரிப் பேசுகிறவரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் நல்ல அறிவிப்பாளர்.

தினமும் அதே நேரத்தில் அதே குரல் வந்தால் அது பழகிய ஆள் ஆகிவிடுகிறது. நாம் அவரைப் பார்த்ததில்லை, அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் வேறு குரல் வந்தால் ‘அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு, சொகமில்லையா’ என்று வீட்டில் கேட்பார்கள். டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இலேயே இந்த ஒருதலை நட்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்போது அவர்கள் கண்முன் இருந்தது ரேடியோவும் புதிதாக வந்த தொலைக்காட்சியும். நிலையங்கள் அடிக்கடி ஆளை மாற்றும்போதும், நேரத்தை மாற்றும்போதும் முறிவது இந்த நட்புதான். பாட்டுப் பட்டியல் அப்படியே இருந்தும் நேயர்கள் கலைந்துபோவதற்கு இது முக்கியமான காரணம்.

நேயர் விருப்பம் இந்த ஒருதலை நட்பை இருதலை ஆக்குகிற தந்திரம். முன்பு தபாலட்டை, அப்புறம் தொலைபேசி, இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவு. ‘ஈத்தாமொழியிலிருந்து பேசுறேன்’ என்று ஒரு குரல் வந்ததும் ஈத்தாமொழிக்காரர் எல்லாருக்கும் அது தங்கள் ஆள். யாருடைய மகள், எந்தத் தெரு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு கேட்டவர் ஒருவர். அவருக்கு மறுநாள் சந்தையில் ‘ரேடியோவுல உன் சத்தம் கேட்டேன் மக்களே’ என்று சொல்ல எத்தனையோ பேர். இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இந்த நொடியில் இந்தப் பாட்டை நான் மட்டும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டிலும் அடுத்த ஊரிலும் கேட்கிறார்கள் என்ற நினைப்பு. கைபேசிப் பட்டியல் எவ்வளவு சாமர்த்தியமாக நம் ரசனையைக் கணித்தாலும் அந்த நினைப்பை அதனால் தர முடியாது. காதில் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் நேயர் விருப்பத்தை மட்டுமே நம்பினால் வேறு சிக்கல் வரும். அதே பத்து நேயர்கள், அதே பத்துப் பாட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பத் தெரிந்தவர்களின் ரசனையே ஊரின் ரசனை ஆகிவிடும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர் பாட்டுக் கேட்டு எழுதமாட்டார். அவரையும் நினைத்துப் பாட்டு எடுத்து வைக்க நிலையத்தில் ஒரு மனிதர் வேண்டும்.

பாட்டு விஷயத்தில் உள்ளூர் நிலையத்துக்கு மட்டும் வாய்த்த ஒரு சொத்து இருக்கிறது. எந்தச் செயலியிலும் சுலபமாகக் கிடைக்காத பாட்டு அது. இந்த மண்ணின் வில்லுப்பாட்டு முதலில் நினைவுக்கு வரும். மணி கட்டிய நீண்ட வில், அதைத் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை. கூடவே ‘ஆமா’ போட ஒரு ஆள். சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில் கொடைகளில் விடிய விடியக் கதை நடக்கும். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கலையை எடுத்துக்கொண்டு காந்தி கதை சொன்னார். கம்பு தட்டி ஆடும் களியலாட்டத்துக்குப் பாட்டு உண்டு. கடற்கரையில் கரமடி வலையை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு உண்டு. தக்கலை பீரப்பா என்ற சூஃபிக் கவிஞரின் ஞானப்புகழ்ச்சிப் பாடல் வருடத்துக்கு ஒரு நாள் ராத்திரி முழுக்கப் பாடப்படுகிறது. டிசம்பர் வந்தால் ஊருக்கு ஊர் கேரல் குழு. இவற்றில் ஐந்து நிமிடத்தை ஒழுங்காகப் பதிவு செய்து, ‘இது இன்ன ஊர்க் கொடையில் எடுத்தது’ என்று சொல்லி, இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். ‘கிராமிய இசை நேரம்’ என்று தனியாக ஒதுக்கி மத்தியானம் இரண்டரைக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அப்படித் தள்ளினால் யாரும் கேட்கமாட்டார்கள். புதுப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது விருந்தாளியாக வரும்.

மலையாளம் பற்றியும் ஒரு வார்த்தை. நாகர்கோவில் 101-இல் இருக்கிறது. திருவனந்தபுரத்து ஆகாசவாணியின் எஃப்எம் 101.9-இல். களியக்காவிளையில் நின்று பொத்தானைக் கொஞ்சம் திருப்பினால் மொழி மாறிவிடும். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டும் மாறி மாறி ஓடும். தமிழ் நிலையத்தில் மலையாளப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர்கள் நியாயம் உண்டு. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நடந்த போராட்டம் சின்னதில்லை. ஆனாலும் ஓணத்தன்றும் அவ்வப்போதும் ஒரு நல்ல மலையாளப் பாட்டைப் போடாத நிலையம் மேற்குக் குமரியை முழுதாகத் தெரிந்த நிலையம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதேபோல் பேச்சு. செய்தித் தமிழும் வேண்டாம், சென்னைத் தமிழும் வேண்டாம். அகஸ்தீஸ்வரத்துப் பேச்சும் அருமனைப் பேச்சும் ஒன்றில்லை என்றாலும், இரண்டு பேரும் ‘இது நம்ம பக்கத்து ஆள்’ என்று கண்டுகொள்கிற இழுவை ஒன்று இருக்கிறது. அதை மறைக்கச் சொல்லி அறிவிப்பாளருக்குப் பயிற்சி கொடுப்பது கையிலிருக்கும் காசைக் கடலில் போடுவது.

இதெல்லாம் சரி, அலை வீட்டுக்கு வந்து சேர வேண்டுமே? பண்பலை என்கிற எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் ஓடுகிறது. இந்த அலை ஏறக்குறைய பார்வை செல்லும் நேர்கோட்டில்தான் போகும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் வேளிமலை மாதிரி ஒன்று நின்றால் அதன் மறைவில் ஒலி மங்கும். கோதையாறு மாதிரி மலைக்குள் இருக்கும் இடங்களில் இரைச்சல் கூடும். மத்திய அலைக்கு இந்தத் தொல்லை குறைவு. திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 250 மீட்டர். அது மேட்டையும் பள்ளத்தையும் தழுவிக்கொண்டு போகும். ராத்திரியில் வான்மண்டல மேலடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ மூன்று மீட்டர்தான். ஒலித் தெளிவு பண்பலையில், தூரம் மத்திய அலையில்.

கடற்கரைக்காரர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கலாம். சில நாள், காற்று அசையாத வேளையில், இலங்கைப் பண்பலை நிலையங்கள் பக்கத்தில் இருப்பவை மாதிரிக் கேட்கும். கடலை ஒட்டிய ஈரமான குளிர் காற்றின் மேல் சூடான வறண்ட காற்று படிந்து நின்றால், நடுவில் ஒரு குழாய் போல வழி உண்டாகி, நேரே வானத்துக்குப் போக வேண்டிய அலை கடல்மட்டத்தோடு வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்துவிடும். பண்பலைப் பெட்டி இரண்டு அலை ஒரே இடத்தில் வந்தால் வலுவானதை மட்டும் பிடித்து மற்றதை அமுக்கிவிடும். அதனால்தான் அந்த நாட்களில் நம்ம நிலையம் பாதிப் பாட்டில் திடீரென்று காணாமல் போய் வேறு குரல் வந்து நிற்கிறது.

அலையின் எல்லை விளையாட்டு விஷயம் மட்டும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பலர் பல நாள் தங்கல் தொழிலுக்காக ஆழ்கடலில் இருந்தார்கள். பண்பலையின் வீச்சுக்கு வெகு தொலைவு அது. கரையோரம் தொழில் செய்கிறவருக்கு உள்ளூர் நிலையத்தின் காற்று எச்சரிக்கை உயிர் காக்கலாம். ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு மாதிரி வேறு வழிதான் வேண்டும். கடலோர மக்களுக்கென்றே ஓடும் சமுதாய வானொலி எப்படி இருக்கும் என்று பார்க்க ராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில் 90.4-இல் இயங்கும் கடல் ஓசை இருக்கிறது. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான் அனுமதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே பெரிது. குளச்சலையும் சுற்றுக் கிராமங்களையும் மட்டும் நினைத்துப் பேச அது தாராளம்.

தனியார் பண்பலைகளுக்கு ஒரு சட்டக் கட்டுப்பாடு இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவை சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் 2011-இல் வந்த விதிகளின்படி போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், பேரிடர் எச்சரிக்கை போன்றவை செய்திக் கணக்கில் சேராது. ஆக, உள்ளூர் விஷயம் பேச எங்களுக்கு அனுமதியில்லை என்று எந்த நிலையமும் கை விரிக்க முடியாது. பேசாததற்குக் காரணம் பெரும்பாலும் செலவு. ஒரே ஸ்டூடியோவில் பேசிப் பத்து ஊருக்கு அனுப்பினால் மலிவு.

ஒரு நிலையத்தை எடைபோட நீங்களே ஒரு சோதனை செய்யலாம். காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாட்டுப் பெயர்களை எழுத வேண்டாம். ஒவ்வொரு லிங்க்குக்கும் எதிரே, அதை இன்றைக்கு, இந்த மாவட்டத்தில் மட்டும்தான் சொல்லியிருக்க முடியுமா என்று ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. மாவட்டத்து ஊர்ப்பெயர் எத்தனை வந்தது, அதில் நாகர்கோவிலைத் தவிர எத்தனை என்று ஓரத்தில் எண்ணுங்கள். மறுநாள் அதே நேரம் மறுபடியும் கேட்டு, முதல் நாள் வந்த பாட்டு அதே நிமிடத்தில் திரும்புகிறதா என்று பாருங்கள். கைபேசியில் கேட்பதாக இருந்தால் இயர்போன் வயரைச் சுருட்டி வைக்காமல் நீளமாக விடுங்கள். ரேடியோவுக்கு அந்த வயர்தான் ஆன்டெனா, முக்கால் மீட்டர் நீட்டினால் 101-க்குச் சரியாக இருக்கும்.